வெள்ளை பனியன் காக்காய்

இப்போதெல்லாம் மனிதனுக்குக் குனியத் தெரியவில்லை. தண்ணீர் குடித்த பாட்டிலைக் கையிலிருந்து விடுவான், அது கீழே உருளும், அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். பக்கத்திலேயே நீல நிறத்தில் இடுப்பு உயரத்துக்குத் தொட்டி இருக்கும். அதில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று படம் வேறு போட்டிருக்கும். ஒருவனும் குனியமாட்டான். சரி, அபராதம் போடு. இல்லையென்றால் நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டு. அதையெல்லாம் செய்யமாட்டார்கள். ஒரு காக்காயை வளர்த்து, அதற்குச் சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட்டு, பாட்டிலைப் பொறுக்கித் தொட்டியில் போடக் கற்றுக்கொடுப்பார்கள். காக்காய் போட்டதும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். தட்டி முடித்துவிட்டுத் தங்கள் பாட்டிலை பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தச் சம்பளத்து ஆள் என் மகள் விஷாகா.

துறைமுகத்துக்கு லாரி ஓட்டி அவளை வேப்பேரியில் மாட்டு டாக்டருக்குப் படிக்கவைத்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். அவள் டாக்டரான அன்றைக்கு வியாசர்பாடியில் எங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். பிறகு கல்யாணம் செய்துகொண்டு, மாப்பிள்ளை ஆதர்ஷோடு டெக்சாஸில் பேர்லேண்டுக்கு வந்துவிட்டாள். இங்கே நம் ஊர் டாக்டர் படிப்பு செல்லாதாம். மறுபடி பரீட்சை எழுதவேண்டுமாம். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதென்று ஃப்ரீவேயில் அரை மணி தள்ளி இருக்கிற ஒரு சின்ன மிருகக்காட்சிசாலையில் பறவைகளுக்கு வித்தை பழக்குகிற வேலையில் சேர்ந்துவிட்டாள். மாட்டுக்கு ஊசி போடவேண்டியவள் காக்காய்க்குக் குப்பை பொறுக்கக் கற்றுக்கொடுக்கிறாள்.

என்னையும் இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு, தினமும் நானும் அவளோடு போய்க்கொண்டிருந்தேன். காக்காய் மேல் ஆசை என்று நினைக்கவேண்டாம். வீட்டில் இருக்க முடியாது. மாப்பிள்ளை காலையிலிருந்து மீட்டிங்கில் இருப்பார். நான் இருமினால்கூட அறைக் கதவைத் திறந்து, "மாமா, கொஞ்சம் மெதுவா இருமுறீங்களா, கிளையன்ட் லைன்ல இருக்கார்" என்பார். மெதுவாக இருமுவது எப்படி என்று அவர்தான் கற்றுக்கொடுக்கவேண்டும். வெளியே நடக்கலாமென்றால் தெருவில் ஆள் கிடையாது, கார்தான் போகும்.

அந்தக் காக்காய்க்கு டியூக் என்று பேர். ஆப்பிரிக்க ஜாதியாம். உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சும் கழுத்தும் மட்டும் வெள்ளை. குளிக்கப் போகிறவன் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நிற்பதுபோல இருக்கும். இதைக் காக்காய் என்று எப்படி நம்புவது என்று முதல் நாளே கேட்டேன்.

"காக்கா குடும்பம்தான் ப்பா. எங்க வேணா போய்க் கேளு."

"யாரப் போய்க் கேக்கறது? இங்க எல்லாரும் நீ சொல்றதத்தான் சொல்லுவாங்க."

பழக்குகிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். காலையில் காக்காயைத் தராசில் நிற்கவைத்து எடை பார்ப்பாள். எடை கூடியிருந்தால் அன்றைக்குப் பறக்கவிடமாட்டாள். வயிறு நிறைந்த பறவை சொன்னதைக் கேட்காதாம். பிறகு கையில் தீப்பெட்டி அளவு ஒரு பிளாஸ்டிக் வைத்துக்கொள்வாள். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். காக்காய் பாட்டிலைப் பார்த்தால் ஒரு டிக், ஒரு துண்டுக் கறி. பாட்டிலைத் தொட்டால் ஒரு டிக், ஒரு துண்டு. அது ஒன்றும் செய்யாமல் இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தால் இவளும் ஒன்றும் செய்யாமல் நிற்பாள். வெயில் மண்டையைப் பிளக்கும். இருவரும் அப்படியே நிற்பார்கள்.

"ஒரு அதட்டு போடேம்மா" என்பேன்.

"அதட்டக்கூடாது. அவனா இஷ்டப்பட்டு செய்யணும்."

"பட்டினி போட்டுட்டு இஷ்டப்பட்டு செய்யணும்னா எப்டி?"

"பட்டினி இல்லப்பா. கல்யாண வீட்டுல பந்திக்கு முன்னாடி நாம இருப்போமே, அந்த மாதிரி ஒரு பசி. அவ்ளோதான்."

"பந்திக்கு முன்னாடி என்னை யாரும் பாட்டில் பொறுக்கச் சொல்லல."

காக்காய் இவர்களைவிட விவரமானது. பாட்டிலைத் தொட்டியில் போட்டால் கறி கிடைக்கிறது என்று தெரிந்ததும், இவள் திரும்பியிருக்கிற நேரமாகப் பார்த்துத் தொட்டிக்குள் தலையைவிட்டு, போட்ட பாட்டிலையே வெளியே எடுத்து மறுபடி போட்டது. இவளும் டிக் என்று அழுத்திக் கறி கொடுத்தாள். நான் பெஞ்சிலிருந்து கத்தினேன்: "அது ஒரே பாட்டில்! ஏமாத்துது, ஒரு வேலைக்கு ரெண்டு கூலி வாங்குது!"

விஷாகா சிரித்தாள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கே ஒரு தட்டு தட்டியிருந்தால் பின்னால் வந்த வினை வந்திருக்காது.

விஷயம் இதுதான். விஷாகாவின் வேலை நிரந்தரம் இல்லை. கோடையில் ஒரு புது ஷோ தொடங்குகிறார்கள். அதன் கடைசி ஐட்டம் டியூக்குடையது. அது சரியாக நடந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கோடையோடு முடிந்தது என்று அவளுடைய மேலதிகாரி மார்சி சொல்லியிருந்தாள். மார்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஹாய் மிஸ்டர் கிட்டு" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். அப்படிச் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

முதல் ஷோ சனிக்கிழமை. அதே சனிக்கிழமைதான் என் மனைவி புஷ்பவல்லியின் முதல் வருஷத் திதி.

திதியன்றைக்குச் சாதத்தைக் காக்காய் எடுத்த பிறகுதான் நான் வாயில் ஏதாவது போடுவேன். இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல, எல்லோரும் செய்வதுதான். ஆனால் பேர்லேண்டில் காக்காய் வருவதில்லை. வந்த நாளிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் பின்பக்கத் தோட்டத்து வேலிமேல் சாதம் வைத்துப் பார்த்துவிட்டேன். நீள வாலோடு பளபளவென்று ஒரு கறுப்புப் பறவை கூட்டமாக வந்து, துருப்பிடித்த கீல் மாதிரி கத்திக்கொண்டு தின்றுவிட்டுப் போகிறது. அது காக்காய் இல்லை. மாப்பிள்ளையே போனில் தேடிப் பார்த்துச் சொன்னார். போன தடவை அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. ஆக, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து புஷ்பவல்லிக்கு ஒரு பருக்கை போய்ச் சேரவில்லை.

"ப்பா, இங்க இருக்கற மீனாட்சி கோயில்ல அய்யர்கிட்ட சொல்லி எல்லாம் பண்ணிக்கலாம்" என்றாள் விஷாகா.

"அய்யர் மந்திரம் சொல்லுவார். சாப்பிடறது யாரு?"

"நீ என்ன நினைக்கறன்னு எனக்குத் தெரியும். டியூக்குக்கு வெளிச் சாப்பாடு குடுக்கவே கூடாது. ஷோ இருக்கு. சத்தியம் பண்ணு."

நான் சத்தியமெல்லாம் பண்ணுகிற ஆள் இல்லை. "சரிம்மா, போ" என்றேன். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, அது அவள் பாடு.

சனிக்கிழமை விடியற்காலை மகள் குளிக்கப் போயிருந்தபோது சாதம் வடித்தேன். பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்தேன். புஷ்பவல்லி மசால்வடை என்றால் அவ்வளவு நன்றாகச் சுடுவாள், அதனால் முதல் நாள் கோயில் கேண்டீனில் வாங்கி ஒளித்து வைத்திருந்த வடையில் பாதியையும் வைத்து, வெள்ளிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாயந்திரம் வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கவும் தயார்தான். ஆனால் ஒரு காக்காய் கண்ணெதிரே இருக்கும்போது ஏன் இருக்கவேண்டும்?

அவள் எடை பார்த்து, ஒத்திகையும் முடித்து மேடைப் பக்கம் போய்விட்டாள். மேடைக்குப் பின்னால் கம்பி வலை அடித்த கூண்டில் டியூக் தனியாக இருந்தது. நான் மட்டும்தான் அங்கே. சாதத்தை வலை ஓரத்தில் வைத்து, மெதுவாக "கா, கா" என்றேன்.

அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அந்த ஊரில் அதை அந்த மாதிரி யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். தத்தித் தத்தி வந்தது. சாதத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வடையை முதலில் எடுத்தது. பிறகு திரும்பி வந்து நெய்ச் சாதத்தையும் தின்றது. தின்றுவிட்டு அலகை வலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டு மறுபடி என்னைப் பார்த்தது. பனியன் போட்டிருந்தால் என்ன, இந்த ஊருக்கு வந்தால் எல்லோரும்தான் உடுப்பை மாற்றிக்கொள்கிறார்கள். புஷ்பவல்லியும் மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். காகிதத்தில் மிச்சமிருந்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே போய் ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன். காப்பி கழுநீர் மாதிரி இருந்தது.

ஷோவுக்கு நல்ல கூட்டம். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பருந்து பறந்தது, கிளி பாடிற்று, ஆந்தை ஒன்று வந்து எல்லோர் தலைக்கு மேலும் சத்தமில்லாமல் போயிற்று. கடைசியில் விஷாகா மைக்கில், பூமியை நாம் எல்லோரும் சுத்தமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்றெல்லாம் இங்கிலீஷில் பேசிவிட்டு டியூக்கைக் கூப்பிட்டாள். மேடையில் காலி பாட்டில் கிடந்தது.

டியூக் வந்தது. பாட்டிலைப் பார்த்தது. அதன் மேலே ஏறி நின்று இறக்கையைக் கோதிற்று. விஷாகா கையைக் காட்டினாள். அது கறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பறந்து என் தோளில் வந்து உட்கார்ந்தது.

ஜனங்கள் "ஓ" என்றார்கள். அது குனிந்து என் பையில் அலகைவிட்டு வெள்ளிக் காகிதத்தை இழுத்தது. நான் கையால் பொத்தினேன். என் விரலில் ஒரு கொத்து. காகிதம் கிழிந்து சாதம் என் மடியிலும் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரியின் மடியிலும் கொட்டிற்று. எல்லோரும் சிரிக்க, அது மேடைக்குப் போய்த் தொட்டிக்குள் தலையைவிட்டு, காலை ஒத்திகையில் போட்டிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வீசிற்று. மேடை முழுக்கக் குப்பை. ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மேடை ஓரத்தில் நின்ற மார்சி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் பல்லை நான் பார்க்கவில்லை.

கார் நிறுத்துகிற இடத்துக்கு விஷாகா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கார்க் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"வெளிச் சாப்பாடு போட்டா சீக்கு வரும்னு எத்தன தடவ சொன்னேன்? மார்சி கேக்கறா, உங்க அப்பாவ கேட்டுக்கு வெளியிலயே நிறுத்தவான்னு. ஒரு வாரம் டைம் குடுத்திருக்கா. அடுத்த சனிக்கிழமை டியூக் சரியா செய்யலன்னா எனக்கு வேல இல்ல. சந்தோஷமா?"

"உங்கம்மா வந்து சாப்பிட்டா. மொதல்ல வடையத்தான் எடுத்தா, தெரியுமா? அது உனக்கு சந்தோஷமா இல்லயா?"

"அம்மாவுக்கு மசால்வடை பிடிக்கும்னு யார் சொன்னா?"

"ஏன், வாரா வாரம் சுடுவாளே!"

"உனக்குப் பிடிக்கும்னு சுட்டாங்க. அடுப்பு முன்னாடி நின்னு சுட்டு முடிச்சாங்கன்னா அவங்களுக்கு ஒரு டம்ளர் மோர்தான் எறங்கும். ஒரு வடைகூடத் தொடமாட்டாங்க."

"நீ பாத்தியா?"

"பக்கத்துலதானே நின்னேன்."

இவள் அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. இவளுக்கு என்ன தெரியும்? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரும்வரை ஃப்ரீவேயைத்தான் பார்த்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது அவளே வந்து பேசினாள். கோபம் போய் வேலைக் குரல் வந்திருந்தது. டியூக் மனதில் என் முகம் சாப்பாடு என்று பதிந்துவிட்டதாம். என்னை வரவேண்டாமென்று நிறுத்தினால் அது கூட்டத்தில் என்னை மாதிரி இருக்கிற எல்லாக் கிழவன் மேலும் போய் உட்காருமாம். ஆகவே நான் தினமும் ஒத்திகைக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்காரவேண்டும். அது வரும். நான் ஒன்றும் கொடுக்கக்கூடாது, பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. இவரிடம் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தால் தானாகப் போய்ப் பாட்டிலை எடுக்குமாம்.

"வாசல் தேடி வந்து கேக்கறவள மூஞ்சி திருப்பி அனுப்பணுமா?"

"அவ இல்லப்பா. டியூக் ஆம்பள."

"ஆம்பளன்னு யார் பாத்தா?"

"பிளட் டெஸ்ட் எடுத்திருக்கு."

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு, "மாமா, அவ வேல விஷயம் மாமா. ஒரு வாரம்தானே" என்றார். என்னிடம் அவர் இருமலைத் தவிர வேறு விஷயம் பேசியது அன்றைக்குத்தான். விஷாகா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். ஊற்றிய கை முழங்கைவரை வெயிலில் கறுத்திருந்தது. ஒரு வருஷமாக அந்தக் காக்காயோடு வெயிலில் நிற்கிறாள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். டியூக் நேராக வந்தது. என் சட்டைப் பொத்தானைக் கொத்திற்று. தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டது. பையில் ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும், இருந்தும் என் கை அங்கே போயிற்று.

"ப்பா! கைய அசைச்சுட்ட!"

"கை என்னுது, அது பாட்டுக்குப் போவுது!"

"மறுபடி மொதல்லேர்ந்து."

இப்படியே அந்த வாரம் போயிற்று. என்னை அவள் ஒரு தடவையும் அதட்டவில்லை. மறுபடி, மறுபடி என்றுதான் சொன்னாள். அது எனக்கு அதட்டலைவிட எரிச்சலாக இருந்தது. செவ்வாய்க்கிழமை டியூக் என் காதை இழுத்தது. புதன்கிழமை என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. வியாழக்கிழமை முன்வரிசை பெஞ்சுவரைக்கும்தான் வந்தது, அங்கிருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. "வேல செய்யுது ப்பா!" என்று விஷாகா குதித்தாள். எனக்கு அதில் குதிக்க என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஒரு ஜீவன் இனி இந்த மனுஷனிடம் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போகிறது. அதற்குப் பெயர் வித்தையாம்.

சனிக்கிழமை கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். காக்காய் குப்பையை வீசிய விஷயத்தை யாரோ படம் பிடித்து போனில் போட்டுவிட்டார்களாம். ஆந்தை போன பிறகு விஷாகா மைக்கில் அதே பூமியைப் பற்றி அதே பேச்சைப் பேசினாள். குரல் அன்றைக்குக் கொஞ்சம் வறண்டிருந்தது. மேடை ஓரத்தில் மார்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டியூக் வந்தது. பாட்டிலைத் தாண்டிப் பறந்து எனக்கு முன்னால் இருந்த பெஞ்சின் சாய்மானத்தில் உட்கார்ந்தது.

கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. அது தலையை ஒரு பக்கம் சாய்த்தது, பிறகு மறுபக்கம். அன்றைக்கு வலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த அதே பார்வை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், தோளுக்கு வந்துவிடும். மேடையில் விஷாகா கையை நீட்டியபடி நின்றாள். அவள் காக்காயைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் என் செருப்பைப் பார்த்தேன். வார் ஒன்று பிய்ந்திருந்தது. தைக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சில் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு இறக்கைச் சத்தம். பிறகு பாட்டில் தொட்டிக்குள் விழுந்த சத்தமும் ஒரு டிக்கும். அதன் பிறகு கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது மார்சி விஷாகாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பல்லெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

கூட்டம் கலையும்போது விஷாகா ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "ப்பா, பர்மனென்ட்! மார்சி சொல்லிட்டா!" என்றாள். என்னிடம் எதையோ நீட்டினாள். வெள்ளிக் காகிதத்தில் மடித்த மசால்வடை. கோயில் கேண்டீனில் வாங்கியதாம். நீட்டுகிற சந்தோஷத்தில் இன்னொரு கையில் இருந்ததையும் சேர்த்து அழுத்திவிட்டாள். டிக் என்றது.

"எனக்குமா?" என்றேன்.

"ஐயோ, கை தெரியாம அழுத்திடிச்சுப்பா. நீ இன்னிக்கு எவ்ளோ நல்லா உக்காந்திருந்த தெரியுமா!"

"காக்கா அடுத்த வாரம் மறுபடி குப்பைய எடுத்து வெளிய போடும். நீ வேணா பாரு."

"போடாதுப்பா."

"போடும். அது உங்க எல்லாரையும்விட விவரம்."

வடையை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அவள் கூப்பிட்டாள், படம் எடுக்கவேண்டுமாம், மார்சியும் நானும் காக்காயும். நான் திரும்பவில்லை. வரிசை நெடுக பெஞ்சுகளுக்கு அடியில் பாட்டில்கள் கிடந்தன. இப்போதுதான் எழுந்து நின்று கை தட்டிய ஜனங்களுடையவை. எனக்கு முன்னால் போன ஒருவன் கையிலிருந்த கடைசி பாட்டிலையும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கீழே விட்டான். அதைத் தாண்டிக்கொண்டு கார் நிற்கிற பக்கம் நடந்தேன், வடையைப் பிய்த்து வாயில் போட்டபடி. உப்பே இல்லை.